காட்சியும் துணிவும்: வெப்பக் குறிநோக்கியை மதிப்பிடும் முறை

இருளில் குறிவைத்து எய்வது பழைய கலை. அதனால் விளையும் பிழையும் பழையதே. நீர்த்துறையில் குடம் நிறையும் ஒலியை யானை நீர் பருகும் ஒலி என்று கருதி அம்பு தொடுத்த தயரதன் கதையை அறியாத தமிழ் வாசகர் இலர். மன்னனின் வில்லில் குறையில்லை, கையிலும் குறையில்லை. அங்கே இருப்பது இன்னது என்று தெளியுமுன் எய்ததே குறை. கண்ணில்லாப் பெற்றோரின் ஒரே மகன் அக்குறைக்கு உயிர்கொடுத்தான்.

இருளிலும் உயிர்களைக் கண்ணுக்குக் காட்டும் கருவிகள் இன்று வந்துள்ளன. துப்பாக்கியின்மேல் பொருத்தப்படும் வெப்பக் குறிநோக்கி அவற்றுள் ஒன்று. உயர்ந்த வகைக் குறிநோக்கி அமெரிக்காவில் பல ஆயிரம் டாலர் விலை பெறும். இத்துணைப் பொருள் கொடுத்து வாங்குவோன் அதன் தரத்தை எதனால் அளத்தல் வேண்டும் என்பதே ஈண்டு ஆராய்தற்குரியது.

கருவியின் இயல்பு

1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானியலறிஞர் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பல நிறங்களாகப் பிரித்தார். சிவப்பு நிறத்துக்கு அப்பால், ஒளியே இல்லாத இடத்தில் வைத்த வெப்பமானியும் சூடேறக் கண்டார். அங்கு விழுந்தது அகச்சிவப்புக் கதிர். உயிருள்ளனவும் உயிரற்றனவுமாகிய எல்லாப் பொருள்களும் தத்தம் வெப்பநிலைக்கு ஏற்ப இக்கதிரை உமிழ்கின்றன.

உடல் வெப்பத்தால் எழும் இக்கதிரின் பெரும்பகுதியைக் கண்ணாடி தடுத்துவிடும். ஆதலின் வெப்பக் குறிநோக்கியின் வில்லை ஜெர்மேனியத்தால் செய்யப்படுகிறது. கருவியின் விலை உயர்வதற்கு இதுவும் ஒரு காரணம். வில்லையின் பின்னே உள்ள உணரியில் நுண்ணிய படப்புள்ளிகள் நிரல்நிரலாக அமைந்துள்ளன. கதிர் பட்டுச் சூடேறும்பொழுது ஒவ்வொரு புள்ளியின் மின்தடையும் மாறுகிறது. அம்மாற்றமே திரையில் வெளிச்சமும் இருளுமாகப் படமாகிறது. எனவே இக்கருவி காட்டுவது உருவத்தை அன்று. வெப்ப வேறுபாட்டையே ஆகும்.

டெக்சஸ் மாநிலத்துப் பன்றிகள்

இக்கருவிக்கு மிகுந்த பயன்பாடு உள்ள இடங்களுள் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம் ஒன்று. பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்த பன்றிகளின் வழிவந்தவையும் பின்னர்க் குடியேறியோரிடமிருந்து தப்பியவையும் அங்கே காட்டுப்பன்றிகளாகப் பெருகிவிட்டன. அவற்றின் தொகை இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டது என மதிப்பிடப்பட்டுள்ளது. ஒரே இரவில் ஒரு வயலை உழுததுபோல் கிளறிப் பாழாக்க ஒரு கூட்டம் போதும். வேட்டைக்கு அஞ்சிய பன்றி பகலில் மறைந்து இரவில் மேயும். ஆகவே உழவர்களும் வேட்டைக்காரர்களும் இரவிலேயே அதைத் தேடவேண்டியுள்ளது.

ஆனால், அதே இருளில் மான் உலவுகிறது, கன்று படுத்திருக்கிறது, அயலாரின் நாய் திரிகிறது, மற்றொரு வேட்டைக்காரனும் இருக்கக்கூடும். பன்றியை இரவில் சுட டெக்சஸ் சட்டம் இடந்தருகிறது. மானைச் சுட இடந்தரவில்லை. எனவே இது பன்றி என்று அறிவது திறமை மட்டும் அன்று, கடமையுமாகும்.

மூன்று படிகள்

1958ஆம் ஆண்டில் அமெரிக்கப் படைத்துறை ஆய்வாளராகிய ஜான் ஜான்சன், கருவி வழியாகக் காணுதலைப் படிகளாகப் பகுத்து அளந்தார். ஏதோ ஒன்று உளது என்று காண்பது ஒரு படி. அது எவ்வினத்தது என்று உணர்வது அடுத்த படி. இன்னதே என்று துணிவது இறுதிப் படி. அவர் அளவைப் படப்புள்ளிகளாக மாற்றினால், பொருளின் குறுகிய அளவின் குறுக்கே முதற்படிக்கு 2 புள்ளிகளும், இரண்டாவதற்கு 8 புள்ளிகளும், மூன்றாவதற்கு ஏறக்குறைய 13 புள்ளிகளும் வேண்டும்.

தமிழாசிரியர்க்கு இப்பகுப்பு புதியது அன்று. தலைவியை முதன்முதல் கண்ட தலைவனுக்குக் காட்சி, ஐயம், துணிவு என்னும் நிலைகளை அகப்பொருள் இலக்கணம் வகுத்துள்ளது. தெய்வமகளோ மானிட மகளோ என்று ஐயுற்றவன், இமைக்கும் கண் முதலிய குறிகளைக் கொண்டே துணிகிறான். குறி கிடைக்கும் வரையில் ஐயம் நீங்குவதில்லை.

இனிக் கணக்கைக் காணலாம். 12 மைக்ரான் அளவுள்ள புள்ளிகளும் 50 மில்லிமீட்டர் குவியத்தூரமுள்ள வில்லையும் கொண்டது ஓர் உயர்வகைக் குறிநோக்கி எனக் கொள்க. 100 மீட்டர் தொலைவில் அதன் ஒரு புள்ளி 2.4 சென்டிமீட்டர் அகலத்தை அடக்கும். 75 சென்டிமீட்டர் உயரமுள்ள பன்றியை 1,560 மீட்டர் அளவில் வெறும் ஒளிப்பொட்டாகக் காணலாம். இனம் உணர 390 மீட்டருக்குள் வரவேண்டும். பன்றியே என்று துணிய 240 மீட்டருக்குள் வரவேண்டும். அதுவும் பார்ப்போருள் பாதிப்பேர் சரியாகச் சொல்லும் அளவேயாம். ஜான்சன் எல்லை வகுத்ததே அங்ஙனம்.

விற்பனை ஏடுகள் பெரிய எழுத்தில் பொறிப்பது பெரும்பாலும் முதற்படியின் தொலைவையே. அது பொய்யன்று, ஆயினும் சுடுவோனுக்கு உரிய அளவும் அன்று.

பிற தகுதிகள்

வெப்ப வேறுபாட்டை உணரும் நுட்பம் அடுத்த தகுதி. 25 மில்லிகெல்வின் என்றால் ஒரு பாகையில் நாற்பதில் ஒரு பங்கை வேறுபடுத்தும் என்பது பொருள். எண் சிறுத்தால் நுட்பம் மிகும். குளிர்ந்த உலர்ந்த இரவில் எளிய கருவியும் தெளிவாகவே காட்டும். மழை, மூடுபனி, ஈரக்காற்று ஆகியவை கதிரை மங்கச்செய்யும் இரவிலேயே நுட்பத்தின் அருமை தெரியும்.

உருப்பெருக்கத்தில் மயங்குதல் கூடாது. பொத்தானை அழுத்திப் படத்தை இருமடங்காக்கும்பொழுது புள்ளிகளே பெரிதாகின்றன. புதிய செய்தி எதுவும் வருவதில்லை. சிறு எழுத்து நூலை உருப்பெருக்கியால் பார்த்தாலும் அச்சுப்பிழை திருந்தாதது போன்றது இது. சுடுந்தோறும் ஏற்படும் அதிர்ச்சியால் குறி பிசகாமல் நிற்பதும், விலங்கு ஓடும்பொழுது படம் தடைப்படாமல் தொடர்வதும் சோதித்தற்குரியவை.

காணாதவை

விலைமிக்க கருவியும் காட்டாதவை உள. முற்றி உலர்ந்த மான் கொம்பில் குருதி ஓட்டம் இல்லை. சூழ்ந்த காற்றின் வெப்பநிலையே அதற்கும். ஆகவே கொம்பு தெளிவாகத் தோன்றாமற் போகலாம். புல்லோடு ஒத்த வெப்பமுள்ள முள்வேலிக் கம்பி படத்தில் மறையும். குண்டோ அதில் பட்டுத் திசைமாறும். சேற்றில் புரண்ட பன்றி மங்கித் தோன்றும். புதரிடைப் படுத்த கன்றின் முதுகு மட்டும் தெரிந்து பன்றிபோல் மயக்கும்.

சோதிக்கும் வகை

ஆகவே கருவியை மதிப்பிடுவோன் கடையின் ஒளியில் நின்று பார்ப்பது போதாது. துப்பாக்கியில் பொருத்தாமல் கையில் ஏந்தி, ஈரமுள்ள ஓர் இரவில் தன் நிலத்து மாட்டையும் நாயையும் அளந்த தொலைவுகளில் பார்த்தல் வேண்டும். பிறர் சொல்லாமலே, இது இன்ன விலங்கு என்று தவறாமல் கூறக்கூடிய தொலைவு எதுவோ, அதுவே அக்கருவியின் உண்மையான அளவு.

தேடுவதற்குத் தனி நோக்கியும் சுடுவதற்குக் குறிநோக்கியும் வைத்திருப்பது அறிந்தோர் வழக்கம். குறிநோக்கியாலேயே தேடினால், யாரென்று அறியாத ஒவ்வோர் உருவத்தின்மேலும் துப்பாக்கியின் வாய் திரும்புமன்றோ?

பொருள் கொடுத்து வாங்கத்தக்கது காட்சி. துணிவு கடையில் கிடைப்பதன்று. நல்ல கருவி துணிதற்குரிய குறிகளைச் சற்றுத் தொலைவிலேயே காட்டும். அவ்வளவே அதன் உதவி. குறி கிடைக்காதபோது விரலை எடுத்துவிடுதல் மனிதனின் பொறுப்பு. தயரதனுக்கு வாய்க்காதது கூரிய செவியன்று. அந்த ஒரு கணப் பொறுமையே.