இழைகள் இணைந்தால்: காஞ்சிப் பட்டும் கூட்டுறவு நெறியும்

காஞ்சிபுரத்திற்கு மேற்கே பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த பழம்பதி தாமல். அதன் பேரேரி கழனிகளுக்கு வாழ்வளிப்பது போல, இவ்வட்டாரத்தின் பல குடும்பங்களுக்கு வாழ்வளித்து வருவது பட்டுத்தறி. ஒரு பட்டுச் சேலை தனியொருவரின் கைவண்ணம் அன்று. பலர் உழைப்பின் கூட்டு விளைவு என்பதை மாணவச் செல்வங்கள் அறிதல் நன்று.

பட்டு நூல் கர்நாடகத்திலிருந்தும், சரிகை பெரும்பாலும் சூரத்திலிருந்தும் வருகின்றன. நூலை முறுக்கேற்றுவோர், சாயம் தோய்ப்போர், பாவு ஓடுவோர், நெய்வோர் எனப் பல கைகளைக் கடந்தே சேலை உருப்பெறுகிறது. கரையையும் உடலையும் வெவ்வேறு நிறத்தில் பிணைக்கும் ‘கோர்வை’ முறைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும். நெசவாளருக்குத் துணையாக இன்னொருவரும் தறியில் அமர வேண்டும். சாயம் கெட்டாலும் சரிகை தாழ்ந்தாலும் நெய்தவரின் திறன் வீணே. ஆகவே, தரம் என்பது தனியொருவரால் காக்க இயலாதது.

கூட்டுறவு இம்மண்ணுக்குப் புதிதன்று. கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இயற்றப்பெற்ற 1904ஆம் ஆண்டிலேயே, இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் காஞ்சிபுரத்தில் பதிவாயிற்று. 1935இல் கோ-ஆப்டெக்ஸ் தோன்றியது. பின்னர் காமாட்சியம்மன், அறிஞர் அண்ணா, முருகன் முதலிய பெயர்களில் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் காஞ்சியில் எழுந்தன.

சங்கம் மூலப்பொருளை மொத்தமாக வாங்கி உறுப்பினர்க்கு அளிக்கிறது. நெய்த சேலையின் எடை, அளவு, பிழை ஆகியவற்றை ஆய்ந்து ஏற்றுக் கூலி வழங்குகிறது. தன் விற்பனை நிலையத்தில் விற்கிறது. நூல் விலை ஏறுங்கால் தனித்து நிற்பவர் கடனாளி ஆவார். சங்கத்தில் அச்சுமை பலர் தோள்களில் பகிரப்படுகிறது.

1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், 2005-06இல் ‘காஞ்சிபுரம் பட்டு’ புவிசார் குறியீடு பெற்றது. அப்பெயர் எவரொருவர்க்கும் தனியுடைமை அன்று. நெய்வோர் அனைவர்க்கும் பொதுச் சொத்து. ஒருவர் போலிச் சரிகை இழைத்தால் ஊரார் அனைவரின் பெயரும் கெடும். விசைத்தறிச் சேலை காஞ்சிப் பட்டென விற்கப்படின், இழப்பு பல நாள் தறியில் அமர்ந்தவர்க்கே.

எனினும், சங்கம் இருந்தால் மட்டும் போதாது. விற்காத சேலைகள் தேங்கினால் அடுத்த பாவு தாமதமாகும், தறி ஓயும். நெசவாளர் வீட்டு இளைஞர்கள் திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளை நாடிச் செல்வதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. புதிய வடிவமைப்பு, நேரிய கணக்கு, உரிய காலத்தில் கூலி ஆகிய மூன்றும் அமைந்தாலன்றி அவர்கள் தறிக்குத் திரும்பார்.

ஊர் கூடித் தேர் இழுக்கும் காஞ்சிக்கு ஒற்றுமையின் வலிமையைப் பிறர் கற்பிக்க வேண்டுவதில்லை. வணிகவியல் பயிலும் மாணவர் சங்கக் கணக்கைச் சீர்செய்யலாம். கணினி பயில்வோர் புதிய வடிவங்களை வரைந்து தரலாம். சேலை வாங்குவோர் குறியீட்டைக் கேட்டு வாங்கினால், அதுவும் அக்கூட்டு முயற்சியில் ஓர் இழையாகும்.