வானிலிருந்து குரூசர்களை இனங்காணல்

1942 ஆம் ஆண்டு ஏப்ரல் 5 ஆம் நாள், உயிர்த்த ஞாயிறு. கொழும்பின்மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசிய அன்று பிற்பகலே, இலங்கைக்குத் தென்மேற்கே டோர்செற்சயர், கோண்வால் என்னும் இரு பிரித்தானியக் குரூசர்களும் மூழ்கடிக்கப்பட்டன. அத்தாக்குதலின்போது ஜப்பானிய விமானத்திலிருந்து பிடிக்கப்பட்ட படம் இன்றும் உளது. இருண்ட நீர்ப்பரப்பில் வளைந்து செல்லும் இரு வெண்கோடுகள்; ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சிறு கப்பல். இவற்றுள் எது டோர்செற்சயர், எது கோண்வால்?

கரையில் நிற்பவர் புகைபோக்கிகளை எண்ணிக் கப்பலை அறிவர். நேர் மேலிருந்து நோக்குங்கால் புகைபோக்கி வெறும் முட்டைவடிவத் துவாரமே. ஆதலின் ஆய்வாளர் முதலில் நாடுவது நிழலை. சாய்ந்த வெயில் கப்பலின் பக்கத்தோற்றத்தை நீர்மேல் விரித்துக் காட்டும். உச்சிப்பொழுதில் அவ்வுதவியும் இல்லை. அடுத்தது நீள அகல விகிதம். விமானம் எவ்வளவு உயரத்திற் பறந்தாலும் அது மாறாது. இவ்விரு கப்பல்களும் ஏறக்குறைய 630 அடி நீளமுடையவை. நீளம் அகலத்தின் ஒன்பது மடங்குக்கும் மேல். பின்னர் பீரங்கிக் கோபுரங்கள். கவுண்டி வகுப்பினவாகிய இவற்றில் இரட்டைக் குழல்கொண்ட கோபுரங்கள் நான்கு. டவுன் வகுப்பிலோ மும்மூன்று குழல்கள். நடுக்குழல் சற்றே பின்தள்ளி நிற்கும். அதனையொத்த கொலனி வகுப்பைச் சதுரமாக வெட்டினாற்போன்ற பின்முனை காட்டிக்கொடுக்கும்.

மூன்று புகைபோக்கிகள் கொண்ட உடன்பிறப்புக்களாகிய இவ்விரண்டையும் பிரித்தறிவதே கடினம். போருக்கு முன் திருத்தியமைக்கப்பட்டபோது கோண்வாலின் புகைபோக்கிகளுக்குப் பின்னே பெட்டி போன்ற விமானக் கொட்டகை எழுப்பப்பட்டது, டோர்செற்சயரில் அஃதில்லை. அகன்ற தட்டைக் கூரை தெரிந்தால் ஐயம் தீரும். ஆனால் குண்டுகள் கிளப்பிய நீர்த்தூணும் புகையும் பெரும்பாலும் அவ்விடத்தையே மறைத்துவிடும்!

ஆற அமரப் படத்தை ஆராய்பவருக்கே இத்துணை இடர் எனின், முகிலைக் கிழித்து இறங்கும் விமானியின் நிலை எத்தகையது? 1941 மே 26 இல் ஆர்க் றோயல் கப்பலின் சுவோட்பிஷ் விமானங்கள், தம் நாட்டுக் குரூசராகிய செபீல்டைப் பிஸ்மார்க் என மயங்கித் தாக்கின. பிஸ்மார்க்குக்கு ஒரு புகைபோக்கி, செபீல்டுக்கு இரண்டு. செபீல்ட் அங்கிருப்பதை விமானிகள் அறியார். எதிர்பார்த்ததையே கண் கண்டது. ஏவப்பட்ட பதினொரு டோர்ப்பிடோக்களிற் சில நீரைத் தொட்டவுடன் வெடித்தன. ஏனையவற்றுக்குக் கப்பல் விலகித் தப்பியது. காந்த விசையால் வெடிக்கும் பொறியே பழுது எனக் கண்டு, மோதி வெடிக்கும் பொறியைப் பொருத்தி அன்று மாலையே மீண்டும் சென்றனர். பிஸ்மார்க்கின் சுக்கான் சிதைந்தது. மறுநாள் அதன்மீது இறுதி டோர்ப்பிடோக்களை ஏவியது டோர்செற்சயர்.

அதே டோர்செற்சயர்தான் ஓராண்டு நிறையுமுன் அந்த வெண்கோடுகளில் ஒன்றின் நுனியில் நிற்கின்றது. இரு கப்பல்களிலுமாக 424 பேர் மாண்டனர். கடலில் மிதந்த 1,100 பேருக்கு மேற்பட்டோர் மறுநாள் மாலையே மீட்கப்பட்டனர்.