காயலான் கடைக்குப் போகக் கூடாத பெட்டி

தை ஐந்தாம் நாள் தென்பெண்ணைக் கரையில் ஆற்றுத் திருவிழா. மேல்மலையனூரில் அமாவாசைக்கு அமாவாசை ஊஞ்சல். மயிலத்தில் பங்குனி உத்திரம். ஆடி பிறந்துவிட்டால் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையில் எந்த ஊரில் நுழைந்தாலும் அம்மனுக்குக் கூழ். இத்தனைக்கும் மைக் செட் கட்டிய கடைகள் இந்த இரண்டு ஊர்களிலும் தலைமுறை கடந்து நிற்கின்றன. அவற்றில் பழைய கடையாகப் பார்த்துப் பரணில் ஏறித் தேடினால், குழாய் ஸ்பீக்கர்களுக்கும் சீரியல் பல்பு மூட்டைகளுக்கும் பின்னால் கனத்த இரும்புப் பெட்டி ஒன்று அகப்படலாம். வால்வு ஆம்ப்ளிஃபையர். ட்ரான்சிஸ்டர் செட் வந்த பிறகு வேலை இழந்து மேலே போனது.

காயலான் கடைக்காரருக்கு அது இரண்டு ட்ரான்ஸ்ஃபார்மரில் சுற்றியிருக்கும் செம்புக் கம்பி. எலெக்ட்ரிக் கிதார் வாசிக்கிற ஒருவருக்கு, லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து இறக்குமதி செய்ய வேண்டிய ஒரு நாதம் பக்கத்துத் தெருவிலேயே கிடக்கிறது என்று அர்த்தம்.

எலெக்ட்ரிக் கிதார் தனியாகப் பாதி வாத்தியம்தான். தந்தி அதிர்வதைக் காந்தத்தின் மேல் சுற்றிய காயில் மின்சாரமாக மாற்றுகிறது. அந்த மின்சாரம் ஒரு வோல்ட்டைத் தொடுவதே அபூர்வம். காதுக்கு வந்து சேரும் குரலை உண்டாக்குவது ஆம்பும் ஸ்பீக்கரும். நம்மூர் மெல்லிசைக் குழுக்களில் கிதாரை நேராக மிக்ஸரில் செருகிவிடுகிறார்கள். விரல் எவ்வளவு தேர்ந்ததாக இருந்தாலும் சத்தம் மெலிந்து, கம்பி உரசுவது போல வருவதற்கு அதுதான் காரணம். அந்தக் கலைஞர்களுக்கு இது பெரிய அநியாயம் என்றே நினைக்கிறேன். கீபோர்டுக்கு நல்ல சத்தம் கிடைத்துவிடுகிறது, ட்ரம்ஸுக்குக் கிடைத்துவிடுகிறது, கிதார்காரர் மட்டும் பாதி வாத்தியத்தோடு மேடையில் நிற்கிறார்.

வால்வு என்ன செய்கிறது? ட்ரான்சிஸ்டர் ஆம்ப் தன் எல்லையைத் தாண்டினால் ஒலி அலையின் தலையைச் சட்டென்று வெட்டிவிடும்; கரகரப்பு வரும். வால்வு அப்படி வெட்டுவதில்லை. எல்லையை நெருங்கும்போதே அலையைக் கொஞ்சம் கொஞ்சமாக வளைக்கிறது. அந்த வளைவில் மூல சுரத்தோடு அதன் மேல் சுரங்களும் சேர்ந்து ஒலிக்கின்றன. மெதுவாகத் தட்டினால் தெளிவு, அழுத்தித் தட்டினால் உறுமல். கிதாரில் இருக்கும் வால்யூம் குமிழைச் சற்றுக் குறைத்தால் உறுமல் அடங்கித் தெளிவு திரும்பும். வாசிப்பவரின் விரலுக்கு ஆம்ப் பதில் சொல்கிறது. 1964-ல் ‘காதலிக்க நேரமில்லை’ பாட்டுகளில் எலெக்ட்ரிக் கிதார் துள்ளிய காலத்தில், உலகம் முழுக்கக் கிதார் ஆம்ப் என்றாலே பெரும்பாலும் வால்வுதான்.

கோயில் திருவிழாவுக்குக் கட்டிய மைக் செட் ஆம்ப் கிதாருக்கு ஆகுமா என்று கேட்பவர்கள் ஜிம் மார்ஷலின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். மார்ஷல் ஆம்ப் என்றால் இன்று ராக் இசைக்கே அடையாளம். மார்ஷல் லண்டனின் ஹான்வெல் பகுதியில் ட்ரம்ஸ் கடை வைத்திருந்தவர். கடைக்கு வந்த கிதார் பையன்கள் அமெரிக்க ஃபெண்டர் ஆம்ப் வேண்டும் என்றார்கள். அது யானை விலை. 1962-ல் அவரும் கடையில் இருந்த தொழில்நுட்பக்காரர்களும் ஃபெண்டர் பாஸ்மேன் ஆம்பின் சர்க்யூட்டைப் பார்த்து, இங்கிலாந்தில் கிடைத்த ட்ரான்ஸ்ஃபார்மர், கிடைத்த ஸ்பீக்கர் என்று போட்டு ஒன்றைச் செய்தார்கள். பாகங்கள் மாறியதால் குரலும் மாறியது. அந்த மாறிய குரலைத்தான் 1966-ல் எரிக் கிளாப்டன் கிப்சன் லெஸ் பால் கிதாரோடு சேர்த்து வாசித்தார். இதைத்தான் வாசிக்க வேண்டும் என்று பிறகு ஆயிரம் பேர் கிளம்பினார்கள். உள்ளூரில் கிடைத்ததை வைத்துச் செய்ததிலிருந்து பிறந்த நாதம் அது.

உள்ளூரில் கிடைத்தது நம்மிடமும் இருந்தது. 1954-ல் பெங்களூரில் தொடங்கிய பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் பின்னர் ஃபிலிப்ஸ் தொழில்நுட்பத்தோடு ரேடியோ வால்வுகளைத் தயாரித்தது. கண்ணாடியில் ‘பெல்’ முத்திரையோடு வந்த ஈசிசி83, இஎல்84 எல்லாம் அந்த வரிசை. பீட்டில்ஸ் வாசித்த வாக்ஸ் ஏசி30 ஆம்பில் நான்கு இஎல்84 வால்வுகள் உண்டு. அதே ரக வால்வுதான் நம் வீட்டு ரேடியோக்களிலும் சின்ன ஆம்ப்களிலும் எரிந்துகொண்டிருந்தது. 1940-ல் தொடங்கிய மைக் செட் ஆம்ப் நிறுவனமான அஹூஜாவின் பெயரை மைக் செட் கடைக்காரர்களுக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

பெட்டியைத் திறந்து பார்ப்போம். மேல் தகட்டின் ஒரு ஓரத்தில் பவர் ட்ரான்ஸ்ஃபார்மர், மறு ஓரத்தில் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர். தூக்கும்போது கை கனக்கிறதே, அந்தக் கனம் முழுக்க இவை இரண்டும்தான். நடுவில் பெரிய வால்வுகள் ஜோடியாக நிற்கும். முன்பக்கம் சுண்டுவிரல் உயரத்தில் சின்ன வால்வுகள். கண்ணாடியின் தலையில் வெள்ளி பூசியது போன்ற பளபளப்பு இருக்க வேண்டும். அது பால் போல வெளுத்திருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, அந்த வால்வு முடிந்தது. கவிழ்த்துப் பார்த்தால் சர்க்யூட் போர்டு என்று ஒன்று இருக்காது. பாகத்துக்குப் பாகம் கம்பியால் இழுத்து, ஒவ்வொரு முனையையும் கையால் சால்டர் வைத்திருப்பார்கள். ஐம்பது வருஷம் கழித்தும் ரிப்பேர் செய்ய முடிகிறது என்றால் அந்தக் கைவேலைதான் காரணம். மரக்காணம் பக்கத்து உப்புக் காற்றுப் பட்ட பெட்டிகளில் துருவை முதலில் பார்க்க வேண்டும். வால்வு போனால் புதிது வாங்கலாம். ஸ்லோவாக்கியாவிலும் ரஷ்யாவிலும் சீனாவிலும் இன்னும் செய்கிறார்கள். ட்ரான்ஸ்ஃபார்மர் போனால் செலவு ஏறிவிடும்.

எந்தக் கிதாரை இதோடு சேர்ப்பது? மேல்நாட்டில் ஜோடிகள் ஏற்கெனவே பேர் பெற்றவை. ஒற்றைக் காயில் பிக்கப் உள்ள ஃபெண்டர் டெலிகாஸ்டருக்கும் ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கும் ஃபெண்டர் ஆம்பின் தெளிவு; இரட்டைக் காயில் ஹம்பக்கர் உள்ள லெஸ் பாலுக்கு மார்ஷலின் உறுமல்; வாக்ஸோடு குயின் குழுவின் பிரையன் மே தன் கையால் செய்த கிதார். மைக் செட் ஆம்புக்கு என் தேர்வு ஒற்றைக் காயில்தான். மனிதக் குரல் கூட்டத்துக்கு எட்ட வேண்டும் என்பதற்காகச் செய்த ஆம்ப் அது. நடு ஸ்தாயி தடிமனாக இருக்கும், உச்சியில் மினுக்கம் குறைவு. ஒற்றைக் காயிலின் கூர்மை அந்தக் குறையை நிரப்புகிறது. ஹம்பக்கர் போட்டால் சீக்கிரம் உறுமும், ஆனால் கார்டு வாசிக்கும்போது சுரங்கள் ஒன்றோடொன்று குழம்பும். விலை குறைந்த ஸ்ட்ராட் வடிவக் கிதாரே போதும். காசு மிச்சமிருந்தால் ஸ்பீக்கரில் போடுங்கள்.

ஸ்பீக்கர் விஷயத்தில் சமரசமே கூடாது. குழாய் ஸ்பீக்கரில் கிதார் எடுபடாது. அடி ஸ்தாயி முழுவதும் காணாமல் போய்விடும். பன்னிரண்டு அங்குல பேப்பர் கோன் ஸ்பீக்கர் வேண்டும். சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே அது தானாகவே அடங்கிவிடுவதால் உறுமலின் முரட்டு ஓரம் மழுங்கி இனிமையாகிறது. ஆம்பின் பின்னால் 100 வோல்ட் லைன் முனை இருக்கும், அதை விட்டுவிடுங்கள். 8 அல்லது 16 ஓம் முனையில், ஸ்பீக்கரின் ஓமுக்குப் பொருந்துவதில் கொடுங்கள். இன்புட்டில், பழைய கிரிஸ்டல் மைக்குக்காக வைத்த ஹை இம்பீடன்ஸ் சாக்கெட் இருந்தால் கிதாருக்கு அதுதான் சரி. லோ இம்பீடன்ஸ் மைக் சாக்கெட்டில் செருகினால் உச்ச ஸ்தாயி செத்துவிடும். பதினைந்து, இருபது வாட்ஸ் ஆம்ப் போதும். அதைவிடப் பெரியதை வால்வு கனியும் அளவுக்குத் திருப்பினால் கல்யாண மண்டபத்தில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது.

ஒரு விஷயத்தைக் கண்டிப்போடு சொல்ல வேண்டும். இந்தப் பெட்டிக்குள் 300 வோல்ட்டுக்கு மேல் டி.சி. ஓடுகிறது. ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் அது தங்கியிருக்கும். பழைய செட்களில் பலவற்றில் எர்த் இல்லாத இரண்டு பின் வயர்தான். கிதாரின் தந்தி ஆம்பின் உடம்போடு இணைந்திருக்கிறது; உதடு மைக்கைத் தொடுகிறது. 1972-ல் ஸ்வான்சீ நகர மேடையில் எர்த் சரியாக இல்லாத மைக்கைத் தொட்ட லெஸ் ஹார்வி என்ற கிதார் கலைஞர் மின்சாரம் பாய்ந்து இறந்தார். எர்த்தோடு மூன்று பின் வயர் போடாமல் எந்தப் பழைய ஆம்பையும் மேடை ஏற்றாதீர்கள்.

பரணிலிருந்து இறக்கியதும் ஆசையில் சுவிட்சைப் போட்டுவிடவும் கூடாது. பல வருஷம் கிடந்த எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சர் உலர்ந்திருக்கும். ஹம்மிங் மட்டும் வந்தால் அதிர்ஷ்டம், வெடிப்பதும் உண்டு. பழைய பேப்பர் கண்டென்சர் கசிந்தால் பெரிய வால்வின் தகடு சிவக்கச் சூடேறி வீணாகும். இரண்டு வகையையும் மாற்றுவதுதான் முதல் வேலை. சென்னை ரிச்சி தெருவில் 450 வோல்ட் கண்டென்சர் வாங்கிக்கொள்ளலாம். ஸ்பீக்கர் மாட்டாமல் ஆம்பை ஓடவிட்டால் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம். கிராமத்து லைனில் வோல்டேஜ் ஏறி இறங்கும் என்பதால் ஸ்டெபிலைசர் இல்லாமல் வேண்டாம்.

இந்த வேலையை அறிந்தவர்கள் வால்வு ரேடியோ காலத்து மெக்கானிக்குகள். வயதாகிவிட்டது, ஆள் குறைந்துகொண்டே வருகிறார்கள். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கிதார் கற்கும் பிள்ளைகள் யூடியூபில் மார்ஷலைப் பார்த்து ஏங்குவதோடு நிறுத்தாமல், தங்கள் தெருப் பெரியவர்களிடம் போய் உட்கார வேண்டும். சால்டர் பிடிக்கவும் கண்டென்சரில் தங்கிய மின்சாரத்தை இறக்கவும் கற்றுக்கொள்ள வேண்டும். மைக் செட் கடைக்காரர்களே, உங்கள் பரணில் வால்வு செட் இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். ஊரில் கிதார் வாசிக்கும் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். செம்புக்குக் கிடைப்பதைவிட நல்ல விலையை அவர்களே கொடுப்பார்கள்.