உழைக்கும் தசை, காக்கும் சரீரம்

மட்டாஞ்சேரிக் கடைகளில் நாள் முழுவதும் அமர்ந்தே பிழைக்கும் நம்மில் அநேகருக்குச் சர்க்கரை நோயைக் குறித்த அச்சம் உண்டு. தசைகள் பாரம் சுமப்பதற்கு மாத்திரம் உரியவை அல்ல. அவை அசையும்போது சில புரதங்களை இரத்தத்தில் சுரக்கின்றன. கோபன்ஹேகன் ஆய்வாளர் பென்ட்டே பெடர்சன் குழுவினர் 2003இல் இவற்றை ‘மயோகைன்’ என்றழைத்தனர். சேர்ந்த கொழுப்பு கரைய இவற்றுள் சில துணைசெய்கின்றன. உழைக்கும் தசையோ இரத்தத்திலுள்ள சர்க்கரையையும் எடுத்துக்கொள்ளுகிறது.

சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் விளிம்பில் நின்ற 531 பேரை ஆராய்ந்து 2006இல் முடிவை வெளியிட்டனர். வழக்கமான அறிவுரை மாத்திரம் பெற்றோரில் மூன்றாண்டுகளில் நூற்றுக்கு 55 பேர் நோயுற்றனர். நடையும் உணவு ஒழுங்கும் கைக்கொண்டோரிலோ ஏறக்குறைய 39 பேரே!

ஆகவே மருந்துண்போர் அதை நிறுத்தாமல், கடை அடைத்தபின் அனுதினமும் அரை மணி நேரம் குடும்பமாய் நடப்போமாக.