கைக்குழந்தையோடு கடல் கடந்த பயணம்: குழந்தையின் கடிகாரத்தைப் பார்த்துத் திட்டமிடுவோம்



"விமானத்தில் குழந்தை விடாமல் அழுதால் என்ன செய்வது?" கைக்குழந்தையோடு வெளிநாடு புறப்படும் தாய்மார்கள் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு முன்பே கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி உண்டு. நம் வீட்டு வாசலில் தொடங்கி, போய்ச் சேரும் வீட்டு வாசல் வரை, குழந்தை மொத்தம் எத்தனை மணி நேரம் பயணம் செய்யப் போகிறது? இதற்கு விடை கண்டுபிடித்துவிட்டால் பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

நம் கெடா தோட்டப்புற மக்களுக்குக் குழந்தையோடு கடல் கடப்பது புதிதல்ல. பினாங்குத் துறைமுகத்தில் 'ரஜுலா' கப்பல் ஏறி நாகப்பட்டினமும் சென்னையும் போய் வந்த தலைமுறை நம்முடையது. ரஜுலாவுக்குப் பின் 'சிதம்பரம்' கப்பல் ஓடியது. 1985-இல் அதில் ஏற்பட்ட தீ விபத்தோடு அந்தப் பயணிகள் சேவையும் முடிந்தது. கப்பல் பயணம் பல நாள் நீடித்தாலும், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தளத்தில் நடக்க இடமிருந்தது. விமானத்தில் நேரம் குறைவு, இடமும் குறைவு. அதனால்தான் முன்கூட்டியே திட்டமிட வேண்டியிருக்கிறது.

பயணம் எங்கே தொடங்குகிறது?

பாடாங் செராய் வட்டாரத்திலிருந்து ஒரு தாய், கணவர் வேலை செய்யும் லண்டனுக்குக் குழந்தையோடு புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பயணச்சீட்டில் கோலாலம்பூரிலிருந்து லண்டனுக்கு ஏறத்தாழ 14 மணி நேரம் என்றுதான் இருக்கும். அவருடைய பயணமோ அதற்கு வெகு நேரம் முன்பே தொடங்கிவிடுகிறது. வீட்டிலிருந்து பாயான் லெப்பாஸ் விமான நிலையம் செல்ல ஒன்றரை மணி நேரம், அங்கே முன்னதாகப் போய்க் காத்திருக்க 2 அல்லது 3 மணி, கோலாலம்பூருக்கு 1 மணி, அடுத்த விமானத்துக்குக் காத்திருக்க 3 மணி, பிறகு 14 மணி, லண்டனில் இறங்கிக் குடிநுழைவுச் சோதனை முடித்துப் பெட்டி எடுக்க 2 மணி. கூட்டிப் பாருங்கள், ஒரு முழு நாள் ஆகிவிடுகிறது. பால்மாவு, பெம்பர்ஸ், மாற்றுத்துணி எல்லாவற்றையும் இந்த 24 மணிக் கணக்கில் எடுத்து வைக்க வேண்டும்.

தமிழ்நாட்டுப் பயணத்துக்கும் இதே கணக்குதான். சென்னைக்கோ திருச்சிக்கோ விமானம் 4 மணி நேரம்தான். ஆனால் குலதெய்வக் கோயிலில் முடி இறக்கப் போகும் குடும்பம் அங்கிருந்து காரிலோ பேருந்திலோ இன்னும் பல மணி நேரம் போக வேண்டியிருக்கும். 2024 டிசம்பரில் பினாங்கிலிருந்து சென்னைக்கு நேரடி விமானச் சேவை ஒன்று தொடங்கப்பட்டது. உங்கள் பயணத் தேதியில் அப்படி நேரடி விமானம் கிடைத்தால், டிக்கெட் விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் கணக்குப் பார்த்து முடிவெடுங்கள். குழந்தையை ஒரு முறை குறைவாக ஏற்றி இறக்குவது பெரிய லாபம்.

கோலாலம்பூர் வழியாகப் போவதென்றால் இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். முதலாவது, இரண்டு விமானங்களையும் ஒரே பயணச்சீட்டில் பதிவு செய்வது நல்லது. பெட்டிகள் நேராகப் போய்ச் சேரும். முதல் விமானம் தாமதமானால் அடுத்ததற்கு ஏற்பாடு செய்வது நிறுவனத்தின் பொறுப்பாகும். இரண்டாவது, அங்கே இரண்டு முனையங்கள் இருக்கின்றன. மலிவுக் கட்டண விமானத்தில் இரண்டாம் முனையத்தில் இறங்கி, முதலாம் முனையத்தில் வேறு விமானம் ஏறுவதென்றால், பெட்டிகளை எடுத்துக்கொண்டு ரயிலில் மாற வேண்டும். கையில் குழந்தையோடு இதற்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள்.

காரில் போகிறவர்கள் குழந்தைக்கான பாதுகாப்பு இருக்கையை மறக்க வேண்டாம். 2020 ஜனவரி முதல் நம் நாட்டில் அது சட்டப்படி கட்டாயம். சுங்கைப் பட்டாணியிலிருந்து கோலாலம்பூருக்கு இ.டி.எஸ். ரயிலும் இருக்கிறது. 4 மணி நேரத்துக்கு மேல் ஆனாலும், எழுந்து நடக்கலாம், குழந்தைக்குத் துணி மாற்றலாம்.

தாய்க்கும் பிள்ளைக்கும் வேறு வேறு பெயர்

பத்திரங்களை மூன்று மாதங்களுக்கு முன்பே சரிபாருங்கள். பிறந்த குழந்தையானாலும் தனிக் கடப்பிதழ் வேண்டும். அலோர் ஸ்டார், சுங்கைப் பட்டாணி குடிநுழைவு அலுவலகங்களுக்குக் குழந்தையையும், பிறப்புப் பத்திரத்தையும், பெற்றோரின் அடையாள அட்டையையும் கொண்டு செல்லுங்கள். விசா தேவைப்படும் நாடு என்றால் குழந்தைக்கும் தனி விசா எடுக்க வேண்டும். இந்தியாவுக்கு விண்ணப்பிக்கும்போது அந்நாட்டு அரசாங்கத்தின் சொந்த இணையத்தளம்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அதே தோற்றத்தில் கூடுதல் கட்டணம் பறிக்கும் தனியார் தளங்களும் உண்டு. கடப்பிதழ் இன்னும் 6 மாதங்களுக்காவது செல்லுபடியாக வேண்டும்.

நம்மவர்களுக்கென்று ஒரு தனிச் சிக்கலும் இருக்கிறது. நம் கடப்பிதழில் தாயின் பெயருக்குப் பின்னால் அவருடைய தந்தையின் பெயர் இருக்கும். குழந்தையின் பெயருக்குப் பின்னால் குழந்தையின் தந்தை பெயர் இருக்கும். இரண்டுக்கும் பொதுவாக ஒரு சொல்கூட இராது. குடும்பப் பெயர் பார்த்துப் பழகிய வெளிநாட்டு அதிகாரிக்கு, இந்தப் பெண்தான் இந்தக் குழந்தையின் தாய் என்பது தாளில் தெரியாது. பிரிட்டன் போன்ற நாடுகளில் இதைப் பற்றிக் கேள்வி கேட்பது வழக்கமான நடைமுறை. அது குழந்தைக் கடத்தலைத் தடுக்கும் ஏற்பாடு. ஆகவே பிறப்புப் பத்திரத்தையும், அதன் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பையும், தந்தை உடன் வராவிட்டால் அவர் கையொப்பமிட்ட ஒப்புதல் கடிதத்தையும் கைப்பையிலேயே வைத்திருங்கள். பெட்டிக்குள் போட்டுவிட்டால் தேவைப்படும் நேரத்தில் கைக்கு எட்டாது.

கிளினிக்கில் கேட்க வேண்டியவை

புறப்படுவதற்கு 6 வாரங்களுக்கு முன்பு, தடுப்பூசிப் புத்தகத்துடன் சுகாதாரக் கிளினிக்குக்குச் செல்லுங்கள். நம் நாட்டு அட்டவணைப்படி தட்டம்மைக்கான தடுப்பூசி 9 மாதத்திலும் 12 மாதத்திலும் போடப்படுகிறது. தட்டம்மை பரவும் நாட்டுக்கு 6 மாதக் குழந்தையைக் கொண்டு போவதென்றால், முன்கூட்டியே ஓர் ஊசி தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அமெரிக்காவில் வெளிநாடு செல்லும் 6 முதல் 11 மாதக் குழந்தைகளுக்கு அப்படிப் போடும்படி பரிந்துரைக்கிறார்கள்.

எத்தனை நாள் குழந்தை பறக்கலாம்? பிறந்து 48 மணி நேரம் ஆகாத குழந்தை பறக்கக் கூடாது, 7 நாள் வரை பொறுப்பது நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. விமான நிறுவனங்களின் விதிகள் இதைவிடக் கடுமையாகவும் இருக்கலாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும், இருதயம் அல்லது நுரையீரல் கோளாறு உள்ள குழந்தைக்கும் மருத்துவரின் அனுமதி அவசியம்.

இரண்டு ஜெராய் மலை உயரம்

இதற்குக் காரணம் உண்டு. விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் தரையில் உள்ளதைப் போல் இருப்பதில்லை. கடல் மட்டத்திலிருந்து 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்தில் நிற்பதைப் போன்ற அழுத்தமே இருக்கும். நம் குனோங் ஜெராய் 1,217 மீட்டர். அப்படியானால் ஏறத்தாழ இரண்டு ஜெராய் மலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அதன் உச்சியில் குழந்தையை உட்கார வைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆரோக்கியமான குழந்தை அதைத் தாங்கும். ஆனால் காது வலிக்கும்.

செவிப்பறைக்கு உள்ளே இருக்கும் காற்று, தொண்டையோடு சேரும் ஒரு சிறு குழாய் வழியாகத்தான் சமநிலை அடைகிறது. விமானம் ஏறும்போது உள்ளிருக்கும் காற்று எளிதாக வெளியேறிவிடும். இறங்கும்போது வெளிக்காற்று உள்ளே போக வேண்டும். அப்போது அந்தக் குழாய் ஒட்டிக்கொள்ளும். எச்சில் விழுங்கும்போதுதான் அது திறக்கும். நாம் கொட்டாவி விட்டுச் சமாளிப்போம். குழந்தைக்கு அது தெரியாது. பால் குடித்தால் தானாக விழுங்கும்.

இங்கேதான் பலர் நேரத்தைத் தவற விடுகிறார்கள். சக்கரம் தரையைத் தொடும் நேரத்தில் பால் கொடுத்துப் பயனில்லை. தரையிறங்குவதற்கு ஏறத்தாழ அரை மணி நேரம் முன்பே விமானம் கீழிறங்கத் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் குழந்தைக்குப் பசி இருக்க வேண்டும். ஆகவே அதற்கு முந்தைய வேளைப் பாலைச் சற்று முன்னதாகக் கொடுத்துவிடுங்கள். விமானப் பணியாளரிடம், "இறங்கத் தொடங்கும்போது சொல்லுங்கள்" என்று கேட்டு வைத்தால் சொல்வார்கள். கடுமையான சளி இருந்தால் அந்தக் குழாய் அடைத்திருக்கும். பயணத்துக்கு முன் மருத்துவரைப் பாருங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். குழந்தை தூங்கட்டும் என்று சளி மருந்து கொடுக்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. இது உயிருக்கே ஆபத்தாகலாம். தூக்கம் வரவழைக்கும் புரோமெத்தசின் மருந்தை 2 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது, மூச்சுத் திணறல் ஏற்பட்டு உயிரிழக்கலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்துள்ளது. பாட்டி சொன்னாலும், பக்கத்து வீட்டார் சொன்னாலும் வேண்டாம்.

ஸ்பிரிங் தொட்டில் இல்லாத இரவு

நம் வீடுகளில் குழந்தை சரோங் கட்டிய ஸ்பிரிங் தொட்டிலில் ஆடித்தான் தூங்கும். விமானத்தில் கிடைப்பதோ, சுவரில் பொருத்தும் தட்டையான சிறு தொட்டில். அது ஆடாது. அதுவும் தடுப்புச் சுவருக்கு எதிரே உள்ள சில இருக்கைகளில்தான் உண்டு. மலிவுக் கட்டண விமானங்களில் பெரும்பாலும் இராது. குழந்தையின் எடைக்கும் வரம்பு உண்டு. ஆகவே டிக்கெட் பதிவு செய்யும்போதே கேட்டு வாங்குங்கள். புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்து, பகலில் ஒரு வேளையாவது தட்டையான மெத்தையில் தூங்கப் பழக்குங்கள். துவைக்காத ஒரு சரோங்கைக் கொண்டுபோனால், பழகிய வாசனையில் தாயின் மடியில் குழந்தை அமைதியடையும். அதைத் தொட்டிலின் மேல் திரைபோல் மூடாதீர்கள், காற்று போகாது. முடிந்தவரை குழந்தை வழக்கமாகத் தூங்கும் இரவு நேரத்தில் புறப்படும் விமானத்தைத் தேர்ந்தெடுங்கள்.

2 வயது நிறையாத குழந்தை மடியில் பயணம் செய்யலாம். முழுச் சேவை நிறுவனங்கள் அனைத்துலகப் பயணத்தில் இதற்குப் பெரும்பாலும் பெரியவர் கட்டணத்தில் ஏறத்தாழ 10 விழுக்காடு வாங்குகின்றன. திரும்பி வருவதற்குள் 2 வயது நிறைந்துவிட்டால் அந்தப் பயணத்துக்குத் தனி இருக்கை வாங்க வேண்டும். மடிக்குழந்தைகள் இருவரை ஓர் இருக்கை வரிசையில் சேர்ந்தாற்போல் உட்கார விடமாட்டார்கள். ஒரு பக்க வரிசைக்குக் கூடுதலாக ஓர் ஆக்சிஜன் முகமூடிதான் இருக்கும் என்பதே காரணம். பணியாளர் தரும் குழந்தைக்கான தனி வாரை உங்கள் வாரோடு இணைத்துக் கட்டுங்கள். உங்கள் வாருக்குள்ளேயே குழந்தையையும் சேர்த்துக் கட்டினால், குலுங்கும்போது உங்கள் உடல் பாரமே குழந்தையை நசுக்கிவிடும்.

கைப்பையில் என்ன இருக்க வேண்டும்?

மூன்று மணிக்கு ஒரு பெம்பர்ஸ் என்று கணக்கிட்டு, அதற்கு மேல் நான்கைந்து கூடுதலாக வையுங்கள். குழந்தைக்கு மூன்று மாற்றுடை, தாய்க்கு ஒரு மாற்றுடை வேண்டும். 100 மில்லிலிட்டருக்கு மேல் திரவம் கொண்டுபோகக் கூடாது என்ற விதியிலிருந்து, பயணத்துக்குத் தேவையான குழந்தைப் பாலுக்கு விலக்கு உண்டு. சோதனை இடத்தில் அதைத் தனியாக எடுத்துக் காட்டுங்கள். பால்மாவை வேளைக்கு வேளை அளந்து தனித்தனி டப்பாவில் போட்டு வையுங்கள். மாவு கலக்கும் நீர் 70 டிகிரி செல்சியசுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். கலக்கிய பாலைக் கையில் படும்படி ஆற்றிக் கொடுத்து, 2 மணி நேரத்துக்கு மேல் ஆனதைக் கொட்டிவிடுங்கள். விமானத்துக்குள் காற்று மிகவும் வறண்டிருக்கும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அடிக்கடி பால் கொடுங்கள், தாயும் நிறையத் தண்ணீர் குடியுங்கள்.

போய்ச் சேர்ந்த பிறகும் குழந்தையின் கடிகாரம் சில நாள் கெடா நேரத்தில்தான் ஓடும். இங்கே காலை 7 மணி என்றால் தமிழ்நாட்டில் விடியற்காலை 4.30. லண்டனில் குளிர்காலமென்றால் முந்திய இரவு 11 மணி. உறவினர்கள் விருந்துக்கு அழைத்தாலும் முதல் இரண்டு நாள் நிகழ்ச்சி எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். பகலில் வெளிச்சத்தில் வைத்து, இரவில் இருட்டில் படுக்க வைத்தால் குழந்தை மெல்ல மெல்லப் பழகிவிடும்.

கடைசியாக, இத்தனையையும் தாய் ஒருவரே சுமக்க வேண்டியதில்லை. பத்திரங்களைக் கணவரும், கிளினிக் தேதியைத் தாத்தாவும், பையைப் பாட்டியும் பார்த்துக்கொள்ளலாம். விமானத்தில் உங்கள் பக்கத்து இருக்கையில் கைக்குழந்தையோடு ஒரு பெண் தனியாக வந்தால் முகம் சுளிக்காதீர்கள். "பையை நான் எடுத்து வைக்கிறேன், நீங்கள் பிள்ளையைப் பாருங்கள் தங்கச்சி" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவருக்கு அந்தப் பயணத்தில் பாதிப் பாரம் குறைந்துவிடும்.