திருக்கோணமலையில் ஒரு பகற்பொழுது

கப்பலேறி உலகைச் சுற்றிவரும் பயணிகட்குத் திருக்கோணமலையிற் கிடைப்பது பெரும்பாலும் ஒரு பகற்பொழுதே. காலையில் இறங்குதுறையிற் கால்வைத்து, மாலை மயங்குமுன் கப்பலுக்குத் திரும்பிவிட வேண்டும். அவ்வொரு பகலில் எதைக் காண்பது, எதை விடுவது? விடுமுறையிற் பிள்ளைகளுடன் இங்கு வரும் நம்மவர்க்கும் இக்கேள்வி உரியதே.

மலையும் மானும்

முதலிற் செல்லவேண்டிய இடம் கோணேசர் மலை. புலால் உண்டபின் கோயிலுக்குச் செல்வது நம் வழக்கமன்று. ஆதலால் காலைப்பொழுதே அதற்கு உகந்தது. சம்பந்தர் தேவாரம் பெற்ற இத்தலத்தின் பழைய கோயிலைப் போர்த்துக்கீசர் 1624 இல் இடித்தனர். இன்று நாம் வணங்கும் கோயில் பிற்காலத்தில் எழுந்தது. வழியிலுள்ள பிரடெரிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் அச்சமின்றி மேய்கின்றன. அவற்றுக்குத் தின்பண்டம் கொடுத்துவிட்டுப் பொலித்தீன் பையை அங்கேயே வீசிச் செல்வோர், அதையும் மான் விழுங்கிவிடும் என்பதை எண்ணுவதில்லை.

ஆழ்கடலின் அரசன்

துறைமுகத்தை அடுத்துக் கடலடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்குத் தொடங்குகிறது. அதன் அடி 3000 மீற்றருக்கும் கீழே செல்கின்றது. ஆழ்கடல் இவ்வாறு கரையை அணுகி நிற்பதால், நடுக்கடலில் வாழும் திமிங்கிலங்களும் இங்கே கரைக்கு அண்மையில் உலாவுகின்றன. சோளகம் வீசும் வைகாசி முதல் ஆவணி வரை கீழ்க்கரைக் கடல் அமைதியாயிருக்கும். அதுவே அவற்றைக் காணும் பருவம்.

ஏறத்தாழ 80 அடி நீளம் வளரக்கூடிய நீலத் திமிங்கிலம், கூனி இறாலைப் போன்ற சிற்றுயிர்களையே உண்டு வாழ்கிறது. பிற கடல்களில் அதன் இனத்தவை துருவப் பகுதிகளை நாடிச் செல்ல, நம் கடலில் வாழ்பவை ஆண்டு முழுவதும் வெப்பக் கடலிலேயே தங்கிவிடுகின்றன. 1963 முதல் 1966 வரை இந்து சமுத்திரத்தின் வடபாகத்தில் சோவியத் கப்பல்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நீலத் திமிங்கிலங்களை இரகசியமாகக் கொன்றன. அவ்வுண்மை 1990களிலேதான் வெளிவந்தது. 1979 இல் இந்து சமுத்திரம் திமிங்கிலங்களின் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. நாம் இன்று காண்பவை, அக்கொலைக்குத் தப்பியவற்றின் வழித்தோன்றல்களே.

மாணவர் சிலருடன் நான் சென்ற அன்று, தொலைவில் நீர்த்தூண் ஒன்று எழுந்தது. சுற்றிலுமிருந்த படகுகள் அதை நோக்கிப் பாய்ந்தன. எங்கள் படகோட்டியோ இயந்திரத்தை நிறுத்திவிட்டார். "விடுங்கோ அண்ணை, நாங்களும் போவம்" என்று மாணவர் பதறினர். "துரத்தினால் தாண்டுபோகும், தம்பி. பொறுத்திருந்தால் தானாய் வரும்" என்றார் அவர். அவர் சொன்னவாறே திமிங்கிலம் அமிழ்ந்துவிட்டது. விரைந்த படகுகள் ஏமாந்து திரும்பின. கால் மணி நேரத்தின் பின், எங்களுக்குச் சற்றுத் தூரத்தில் அந்த நீல முதுகு அமைதியாக மேலெழுந்தது. வகுப்பறையில் ஒருபோதும் அடங்காத மாணவரும் அக்கணத்தில் வாய்திறக்கவில்லை.

கடல் தரும் விருந்து

கரைசேர்ந்ததும் பசி தலைகாட்டும். முருங்கையிலை இட்ட நண்டுக் குழம்பும், இறாற் பொரியலும், அறக்குளா மீனும், சுடுசோறும் இவ்வூரின் விருந்து. பெருந்தலைத் திமிங்கிலம் ஆழத்திற் சென்று தேடுவதும் நாம் விரும்பும் கணவாயின் இனத்தைத்தான்! ஒன்றை மட்டும் நினைவிற் கொள்ளுக. முட்டை தாங்கிய சிங்கி இறாலைப் பிடிப்பதும் விற்பதும் நம் நாட்டுச் சட்டத்துக்கு மாறானவை. அத்தகையதைத் தட்டிற் கண்டால் மறுத்துவிடல் வேண்டும்.

படகு பேசும்போதும் அவ்வாறே. "எவ்வளவு கிட்டப் போவீர்கள்?" என்று கேளாமல், "எவ்வளவு நேரம் காத்திருப்பீர்கள்?" என்று கேட்போமாக. நம் பிள்ளைகளின் பிள்ளைகளும் அந்த நீல முதுகைக் காண வேண்டுமல்லவா?