உங்களுக்குத் தெரியுமா? ஆப்பிரிக்க சினிமாவின் தந்தை, துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்!

● செனகல் நாட்டு உஸ்மான் செம்பென், பிரான்சின் மார்சேய் துறைமுகத்தில் சுமை தூக்கியவர். நாவல்கள் எழுதிப் பெயர் வாங்கினார். ஆனால், தன் மக்களில் பெரும்பாலோருக்கு வாசிக்கத் தெரியாது. அவர்களை எட்ட வேண்டும் என்றே, 40 வயதை நெருங்கும்போது மாஸ்கோ சென்று சினிமா படித்தார்.

● பிரெஞ்சுக் காலனிகளில் அரசு அனுமதி இல்லாமல் யாரும் படமெடுக்க முடியாதபடி 1934-லேயே சட்டம் இருந்தது. 1960-இல் செனகல் விடுதலை பெற்ற பிறகுதான் வழி பிறந்தது.

● 1963-இல் வந்த செம்பெனின் ‘போரோம் சாரெட்’, டக்கார் நகரக் குதிரைவண்டிக்காரர் ஒருவரின் ஒருநாள் பிழைப்பைச் சொல்லும் குறும்படம். பணக்காரர் பகுதிக்குள் நுழைந்த அவரைப் போலீஸ்காரர் மறிக்கிறார். கீழே விழுந்த அவரது பதக்கத்தின்மேல் பூட்ஸ் காலை வைக்கிறார். காலனி ஆட்சி போனாலும் ஏழையின் நிலை மாறவில்லை என்பதை அந்த ஒரு ஷாட் சொல்லிவிடும்.

● 1968-இல் ‘மண்டாபி’ படத்தைச் செம்பென் தன் தாய்மொழியான வோலோஃபில் எடுத்தார். எழுதப் படிக்கத் தெரியாதவரும் தம் பேச்சைத் திரையில் கேட்டனர்.

● 1969-இல் இன்றைய புர்கினா ஃபாசோவின் வாகடூகு நகரில் தொடங்கிய ‘ஃபெஸ்பாக்கோ’ திரைப்பட விழா, இன்று ஆப்பிரிக்க சினிமாவின் மிகப் பெரிய மேடைகளில் ஒன்று. முதல் பரிசு, வீர இளவரசி யென்னங்காவின் பெயர் தாங்கிய தங்கக் குதிரை!

● செம்பெனின் கடைசிப் படம் ‘மூலாதே’ (2004). செனகல்காரர் இயக்கி, புர்கினா ஃபாசோ கிராமத்தில் படமாக்கிய இது, கான் திரைப்பட விழாவில் விருது வென்றது. அவசியம் பாருங்கள்!